பழைய ரெக்கார்ட் பிளேயர் வாங்கும்போது "புது கார்ட்ரிட்ஜ்" என்றால் நம்பாதீர்கள்

அப்பா கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ரேடியோ செட், அதாவது விசேஷங்களுக்குப் பாட்டுப் போடும் ஒலிபெருக்கி, வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பி என்று சுற்றுவட்டாரத்தில் அவர் பிளேட் (ரெக்கார்ட்) போடாத ஊர் கிடையாது. அவர் சேர்த்து வைத்த எல்பி ரெக்கார்டுகளைத் திரும்பக் கேட்க வேண்டும் என்று போன தை மாதம் கோயம்புத்தூரில் பழைய ஆடியோ சாமான் விற்கிற ஒருவரிடம் போனேன். ஜப்பான் பெல்ட் டிரைவ் (ரப்பர் பெல்ட்டால் தட்டு சுற்றுவது), 1980 வாக்கில் வந்தது, 11,500 ரூபாய்.

"புது கார்ட்ரிட்ஜ் போட்டிருக்கேனுங்க தம்பி, அஞ்சு வருசத்துக்குத் தொட வேண்டியதில்லைங்க" என்றார். ஒரு பிளேட்டைப் போட்டும் காட்டினார், எங்கேயும் தாவவில்லை. கார்ட்ரிட்ஜ் என்பது முள்ளைத் தாங்கி, அதன் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற சின்னப் பாகம். என்ன கார்ட்ரிட்ஜ் என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் ஆம்ப்ளிஃபயரில் ரெக்கார்ட் பிளேயருக்கென்று இருக்கும் ஃபோனோ துளையில் சொருகினால் காது கிழிகிற இரைச்சல். போன் போட்டேன். "உங்க ஆம்ப்பு கோளாறுங்க, ஆக்ஸ்ல குத்திப் போடுங்க" என்றார். ஆக்ஸில், அதாவது மற்ற ஆடியோ சாமான்களைச் சொருகும் பொதுத் துளையில், பாடியது, நானும் பத்து நாள் போட்டுக் கேட்டேன். அப்பாவுக்குப் பிடித்த ஒரு நாதஸ்வர எல்பியை மட்டும் தினமும் போட்டேன். ஒருநாள் முள்ளில் சாம்பல் நிறத்தில் பொடி ஒட்டியிருந்தது. பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மினுமினுப்பு போய் வெளுத்திருக்கிறது.

கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும் தலைப்பகுதியை, ஹெட்ஷெல்லைக் கழற்றினேன். மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது, அதைப் பிரித்தால் உள்ளே காண்டாமிருகம் போட்ட பழைய 25 பைசா. கீழே சிவப்பு நிற மலிவு செராமிக் கார்ட்ரிட்ஜ். நாணயத்தை டேப்போடு பழையபடி ஒட்டி, நகைக்கடை வைத்திருக்கும் நண்பனின் சின்னத் தராசில் முள்ளை இறக்கிப் பார்த்தோம், 7 கிராம்!

விற்றவர் செய்தது இதுதான். முள்ளைத் தாங்குகிற கை, அந்த டோன் ஆர்ம், காந்தத்தால் வேலை செய்யும் மேக்னடிக் கார்ட்ரிட்ஜுக்கு என்று செய்தது, பின்பக்க எடையில் 3 கிராம் வரைதான் குறி இருக்கிறது. செராமிக் முள் விறைப்பானது, அந்த எடையில் பிளேட்டின் பள்ளக் கோட்டில் நிற்காமல் தாவும், அதனால் தலையில் காசை ஒட்டிவிட்டார். செராமிக்கிலிருந்து வருவது சில நூறு மில்லிவோல்ட், ஃபோனோ எதிர்பார்ப்பதோ நாலைந்து மில்லிவோல்ட், அதனால்தான் அங்கே அலறியது, ஆக்ஸில் ஒழுங்காகப் பாடுகிற மாதிரி ஏமாற்றியது. என் ஆம்ப்ளிஃபயரில் ஒரு குறையும் இல்லை.

திரும்பக் கூப்பிட்டுக் கேட்டால், "ஓடுதில்லீங்க, அப்புறமென்னங்க" என்கிறார். பணமும் வரவில்லை.

வாங்கப் போகிறவர்கள் கார்ட்ரிட்ஜின் பெயரும் மாடலும் கேளுங்கள், சின்னத் தராசைக் கையோடு கொண்டு போய் அங்கேயே முள் அழுத்தும் எடையைப் பாருங்கள், அந்தத் தராசு இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஃபோனோவில் சொருகிப் பாடவைக்கச் சொல்லுங்கள். "இப்போ வந்த புது ஷூர்" என்று யாராவது சொன்னால் அந்தக் கம்பெனி கார்ட்ரிட்ஜ் செய்வதை 2018-லேயே நிறுத்திவிட்டது என்று சொல்லுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த செட் என்றால் இன்னொன்றும் இருக்கிறது: ஏசி மோட்டார் பல அந்த ஊர் கரண்டின் 60 ஹெர்ட்ஸுக்கு அளந்து செய்தவை, டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் குறைக்கும், நம் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 33⅓ சுற்று 28-க்கும் கீழே இறங்கிப் பாட்டு இழுக்கும். விலை உயர்ந்த நெகிழ்வான முள் எல்லாம் நல்லது என்றும் நினைக்காதீர்கள், பழைய மலிவு பிளேயர்களின் கை பெரும்பாலும் கனமானது, ரொம்ப நெகிழ்வான முள் அதோடு சேர்ந்தால் வளைந்த பிளேட்டில் ஆடும்.

நான் இப்போது ஆடியோ டெக்னிகா ஏடி3600எல் போட்டிருக்கிறேன், 3 கிராமில் வைத்திருக்கிறேன், சொகுசு இல்லை, ஆனால் இந்த மாதிரி கைக்குப் பொருத்தம். மற்ற எல்பிக்கள் நன்றாகப் பாடுகின்றன. நாதஸ்வரத்தில் மட்டும் உச்சத்துக்குப் போகிற இடமெல்லாம் கரகரக்கிறது, அது இனி சரியாகாது. கோபி, சத்தியமங்கலம் பக்கம் இருப்பவர்கள் சந்தேகம் இருந்தால் பிளேயரை எடுத்துக்கொண்டு வாங்க, தராசு என்னிடம் இருக்கிறது.