யூனிவர்சிட்டி சயின்ஸ் லெக்சர் தொடர்: அடுத்த சீசன் லிஸ்ட் வந்தாச்சு, எதுக்குப் போகலாம் எதை விடலாம்

ஒரு யூனிவர்சிட்டி ஆராய்ச்சி குரூப் பொதுமக்களுக்காக நடத்துற சயின்ஸ் டெக்னாலஜி லெக்சர் தொடருக்கு நான் ரெகுலரா போறேன். அடுத்த சீசனுக்கான லிஸ்ட் இப்போ வெளியாகியிருக்கு, அதனால போன சீசன் எப்படி இருந்துச்சு, வரப்போறதுல எது தேறும்னு ஒரு ரிவ்யூ எழுதிடலாம்னு உக்காந்தேன். யார் வேணா பேர் பதிஞ்சிட்டு போகலாம், அந்த சப்ஜெக்ட்ல டிகிரி இருக்கணும்னு எல்லாம் இல்ல.

முதல்ல என் அளவுகோலைச் சொல்லிடறேன், ஏன்னா எது நல்லது எது சுமார்னு இதை வச்சுத்தான் சொல்லப் போறேன். என்ன கண்டுபிடிச்சாங்கங்கிறது செய்தியிலயே வந்துடும், அதுக்காக கிளம்பி ஒரு ஹாலுக்குப் போய் ஒண்ணரை மணி நேரம் உக்கார வேண்டியதில்ல. அது சரின்னு இவங்களுக்கு எப்படித் தெரியும், எங்கெல்லாம் சந்தேகம் வந்துச்சு, அந்த சந்தேகத்தை எப்படித் தீர்த்தாங்க, இதை அந்த வேலையைச் செய்யற ஆள் வாயால கேக்கறதுக்குத்தான் போகணும். இந்தத் தொடர்ல அது நிறைய தடவை கிடைக்குது, கிடைக்காம போறதும் உண்டு.

கிடைச்சதுக்கு உதாரணம் போன சீசன்ல வந்த ஈர்ப்பு அலைகள் லெக்சர் (கருந்துளை மாதிரி கனமான பொருள்கள் மோதும்போது விண்வெளியில பரவற நெளிவு). பேசினது பெரிய ப்ரொஃபசர் இல்ல, ஒரு போஸ்ட்டாக், அதாவது பிஎச்டி முடிச்சிட்டு ஆராய்ச்சி பண்றவர். 2015 செப்டம்பர் 14 அன்னைக்கு அந்த அலைகளைப் பிடிக்கற அமெரிக்க லைகோவோட ரெண்டு டிடெக்டர்லயும் வந்த சிக்னல், ஒண்ணு ஹான்ஃபோர்டு இன்னொண்ணு லிவிங்ஸ்டன், ரெண்டுக்கும் நடுவுல ஏறக்குறைய 3000 கிலோமீட்டர், ரெண்டு கிராஃபையும் ஒண்ணு மேல ஒண்ணா ஸ்க்ரீன்ல போட்டாங்க. ஒரு இடத்துல வந்த அதே நெளிவு சுமார் 7 மில்லிசெகண்ட் கழிச்சு இன்னொரு இடத்துல வருது. அப்புறம் அதையே சவுண்டா மாத்தி ஸ்பீக்கர்ல போட்டாங்க, அடியில இருந்து சட்டுனு மேல ஏறி நின்னு போற ஒரு சின்ன சத்தம், அவ்ளோதான். சூரியனோட நிறையைப் போல 36 மடங்கும் 29 மடங்கும் இருந்த ரெண்டு கருந்துளை ஒண்ணாகி 62 மடங்கா ஆனப்போ மிச்சம் 3 சூரிய நிறை அப்படியே அலையா வெளிய போயிருக்கு, அது டிடெக்டரோட 4 கிலோமீட்டர் நீளக் கையை ஒரு ப்ரோட்டான் அகலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு அளவுக்கு அசைச்சிருக்கு. இது வரைக்கும் நாம படிச்சிருப்போம்.

படிக்காத விஷயம் அதுக்கப்புறம் வந்துச்சு. 2010 செப்டம்பர்ல இதே மாதிரி ஒரு சிக்னல் வந்திருக்கு, மொத்த டீமும் மாசக்கணக்குல அதை அலசி, பேப்பர் வரைக்கும் எழுதி வச்சு, 2011 மார்ச்ல எல்லாரும் கூடி ஒரு கவரைப் பிரிச்சுப் பாத்தா, அது டீமைச் சோதிக்கறதுக்காக ரகசியமா உள்ள செலுத்தின போலி சிக்னல்னு தெரிய வந்திருக்கு. வேணும்னே செஞ்ச ஏற்பாடு, ஒரு சிலருக்குத்தான் முன்னாடியே தெரியும். அதனாலதான் 2015ல நிஜ சிக்னலை முதல்ல பாத்த மார்கோ டிராகோ, ஜெர்மனியில ஹனோவர்ல இருந்த ஆராய்ச்சியாளர், உடனே சந்தோஷப்படாம இது யாராவது செலுத்தினதான்னு கேட்டு ஃபோன் போட்டிருக்காரு. 2016 பிப்ரவரி 11 வரைக்கும் அறிவிக்காம ஏன் காத்திருந்தாங்கன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. தன்னையே ஏமாத்திப் பாத்து தேறின பிறகுதான் ஊருக்குச் சொல்லணும்னு ஒரு ஆயிரம் பேர் கொண்ட டீம் ஒத்துக்கிட்டிருக்கு பாருங்க, விஞ்ஞானம் மேல நம்பிக்கை வைங்கன்னு நூறு தடவை சொல்றதை விட இது எவ்வளவோ மேல்.

அந்த லெக்சர்ல 45 நிமிஷம் பேச்சு, மிச்சம் முழுக்க கேள்வி. இந்தத் தொடரோட பெரிய பலமே இந்த கேள்வி நேரம்தான்னு நான் சொல்வேன். ஸ்கூல் பையன் ஒருத்தன் எழுந்து, ரெண்டு டிடெக்டர் மட்டும் இருந்தா வானத்துல எந்த திசைன்னு எப்படிச் சொல்லுவீங்கன்னு கேட்டான், சரியாச் சொல்ல முடியாது, வானத்துல ஒரு நீளமான பட்டைதான் கிடைக்கும்னு பதில் வந்துச்சு. பிறகு மூணாவதா இத்தாலியில இருக்கற விர்கோ டிடெக்டர் சேர்ந்ததும் 2017 ஆகஸ்ட் 17ல ரெண்டு நியூட்ரான் நட்சத்திரம் மோதினதை எப்படி இடம் பிடிச்சாங்க, 1.7 செகண்ட் கழிச்சு காமா கதிர் வந்து சேர்ந்தது எப்படி உதவிச்சுன்னு அந்தப் பையனுக்காகவே பத்து நிமிஷம் விளக்கினாங்க, ஸ்லைடே இல்லாம, போர்டுல வரைஞ்சு.

கேள்வி நேரம் எவ்வளவு முக்கியம்னு பாக்கணும்னா 2011 செப்டம்பர் 23ல ஜெனிவா பக்கத்துல இருக்கற செர்ன் துகள் ஆராய்ச்சி மையத்துல நடந்த ஒரு செமினாரை நினைச்சுக்கோங்க. நியூட்ரினோங்கற ரொம்ப லேசான துகள் ஒளியை விட 60 நானோசெகண்ட் முன்னாடி வந்து சேருதுன்னு, அதை அளந்த ஓபரா டீம் எல்லார் முன்னாடியும் வச்சு, எங்க தப்புன்னு எங்களுக்குத் தெரியல, நீங்களும் பாருங்கன்னு கேட்டாங்க. அடுத்த வருஷம் சரியா மாட்டாத ஒரு ஃபைபர் கேபிள்தான் முக்கிய காரணம்னு தெரிஞ்சுது. ஒரு முடிவைப் பொது இடத்துல வச்சு கேள்விக்கு நிக்கறதுங்கிறதே விஞ்ஞானத்துல ஒரு வேலைதான், நாம பார்வையாளரா உக்காந்திருக்கும்போது அந்த வேலையில ஒரு ஓரத்துல நாமளும் இருக்கோம்.

சரி, வரப்போற லிஸ்டுக்கு வருவோம்.

என் முதல் சாய்ஸ் குவாண்டம் எர்ரர் கரெக்‌ஷன். குவாண்டம் கம்ப்யூட்டர்னு பேர் வச்ச லெக்சர் நிறைய வரும், பெரும்பாலும் ஒரே நேரத்துல பூஜ்யமும் ஒண்ணும்னு ஆரம்பிச்சு உலகத்தை மாத்தப் போகுதுன்னு முடியும். இதோட அப்ஸ்ட்ராக்ட், அதாவது முன்கூட்டியே போடற சுருக்கம், வேற மாதிரி இருக்கு, நேரா சிக்கல்ல இறங்குது. க்யூபிட்டை (குவாண்டம் கம்ப்யூட்டர்ல தகவலை வைக்கற அடிப்படை அலகு) காப்பி எடுக்க முடியாது, நேரா அளந்து பாத்தா உள்ள இருக்கற தகவல் கலைஞ்சிடும், அப்போ தப்பு நடந்ததை எப்படிக் கண்டுபிடிச்சுத் திருத்தறது? பக்கத்து பக்கத்து க்யூபிட் ஒத்துப் போகுதா இல்லையாங்கிறதை மட்டும் அளக்கறது, மதிப்பை அளக்காம விடறது, இதுதான் வழி. பீட்டர் ஷோர் 1995ல ஒரு க்யூபிட் தகவலை ஒன்பது க்யூபிட்ல பரப்பி வைக்கலாம்னு காட்டினாரு. ஆனா கூடுதலா சேர்க்கற ஒவ்வொரு க்யூபிட்டும் தானும் தப்பு பண்ணும் இல்லையா, அதனால சேர்க்கச் சேர்க்க நிலைமை மோசமாகாம நல்லாகணும்னா அடிப்படை தப்பு விகிதம் ஒரு வரம்புக்குக் கீழ இருக்கணும். 2024 டிசம்பர்ல கூகுள் தன்னோட 105 க்யூபிட் வில்லோ சிப்புல, 3க்கு 3, 5க்கு 5, 7க்கு 7னு கட்டத்தைப் பெருசாக்கும்போது ஒவ்வொரு படியிலயும் தப்பு ஏறக்குறைய பாதியாகுதுன்னு காட்டினது அதனாலதான் முக்கியம். போனீங்கன்னா ஒரு கேள்வி கண்டிப்பா கேளுங்க, 2048 பிட் ஆர்எஸ்ஏங்கற ரகசியக் குறியீட்டு முறையை உடைக்க எத்தனை க்யூபிட் வேணும்னு. 2019ல வந்த கணக்கு 2 கோடி க்யூபிட்னு சொல்லிச்சு, 2025ல அந்தக் கணக்கைப் போட்டவங்கள்ல ஒருத்தரே போட்ட புதுக் கணக்கு 10 லட்சத்துக்கும் கீழன்னு சொல்லுது. மெஷின் மாறாம வெறும் யோசனையாலயே இவ்வளவு இறங்கினது எப்படிங்கறதுதான் கேக்க வேண்டிய விஷயம்.

அடுத்தது புரோட்டீன் வடிவம். புரோட்டீன் வடிவத்தைக் கணிக்கற ஏஐயான ஆல்ஃபாஃபோல்டு 2020ல காஸ்ப்ங்கற வடிவக் கணிப்புப் போட்டியில எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டது, 20 கோடிக்கு மேல வடிவம் டேட்டாபேஸ்ல வந்தது, அதை உருவாக்கினவங்க 2024ல நோபல் வாங்கினது, இதெல்லாம் தெரிஞ்ச கதை. இந்த லெக்சருக்கு வரப்போறவங்க எக்ஸ்ரே கிரிஸ்டல் வச்சு வடிவம் எடுக்கற லேப்ல இருந்து வர்றாங்க, அதாவது கணிப்பைச் சரிபாக்கற பக்கம், அதனாலதான் எனக்கு ஆர்வம். டேட்டாபேஸ்ல ஒரு புரோட்டீனைத் திறந்தா கலர் கலரா இருக்கும், அடர் நீலம்னா மாடல் தன் கணிப்புல ரொம்ப உறுதியா இருக்கு, ஆரஞ்சுன்னா அந்தப் பகுதியை நம்பாதீங்கன்னு மாடலே சொல்லுது. எல்லாரும் நீலத்தைத்தான் படம் போட்டுக் காட்டுவாங்க. ஆரஞ்சா தொங்கற பகுதிகள்ல நிறைய, நிஜத்துலயே ஒரே வடிவத்துல நிக்காத பகுதிகள், செல்லுக்குள்ள அதுக்கும் வேலை இருக்கு. அப்ஸ்ட்ராக்ட்ல பாதிக்கு மேல அந்த ஆரஞ்சைப் பத்திதான். போறதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்ச ஏதாவது ஒரு புரோட்டீனை, இன்சுலினோ ஹீமோகுளோபினோ, திறந்து பாத்துட்டு போங்க, அரை மணி நேர வேலைதான், லெக்சர் ரெண்டு மடங்கு புரியும்.

எம்ஆர்என்ஏ (செல்லுக்கு புரோட்டீன் செய்யச் சொல்ற மூலக்கூறு, கோவிட் தடுப்பூசியில வந்தது) லெக்சர் சுமார்தான் எதிர்பாக்கறேன், கரிகோ, வைஸ்மன் 2005 பேப்பர், அந்த மூலக்கூறுல மாத்தி வச்ச யூரிடின்ங்கற பகுதி, 2023 நோபல், அதே பாதையில போகும் போல. இதுவரைக்கும் கேக்காதவங்களுக்கு நல்லது, மத்தவங்க ரெக்கார்டிங் பாத்துக்கலாம்.

ஏஐயும் நாளைய உலகமும்ங்கிற மாதிரி ஒரு தலைப்பும் இருக்கு. அப்ஸ்ட்ராக்ட்ல ஒரு கேள்வி கூட இல்ல, ஒரு எண் இல்ல, எந்த வேலையை வச்சுப் பேசறாங்கன்னும் இல்ல. நான் போகல. பொதுவாவே அப்ஸ்ட்ராக்ட்ல ஒரு குறிப்பிட்ட சிக்கல் இருந்தா போங்க, வெறும் வாக்குறுதி இருந்தா விட்டுடுங்க, இந்தத் தொடர்ல எனக்கு இது தவறினதே இல்ல.

இனி சர்வீஸ் பத்தி. ரிஜிஸ்ட்ரேஷன் சுலபம், கன்ஃபர்மேஷன் உடனே வருது, ஹால்ல பின் வரிசை வரைக்கும் சவுண்டு தெளிவா இருக்கு, லைவ் ஸ்ட்ரீம் பாக்கறவங்க டைப் பண்ற கேள்வியையும் ஒருத்தர் படிச்சுக் கேக்கறாங்க, இது பெரிய விஷயம், ஹாலுக்கு வர முடியாதவங்களும் இதுல கலந்துக்க முடியுது. குறைன்னு பாத்தா மூணு விஷயம் எனக்கு உறுத்துது. ரெக்கார்டிங் ரொம்ப லேட்டா ஏத்தறாங்க, சிலது ஏறவே இல்ல. சில ஸ்பீக்கர்கள் தங்க கான்ஃபரன்ஸ் ஸ்லைடை அப்படியே கொண்டு வந்துடறாங்க, ஒரு ஸ்லைடுல ஆறு கிராஃப், அச்சுல என்ன அளவுன்னு கூட படிக்க முடியல, முன்னாடி உக்காந்திருக்கற பிஎச்டி ஸ்டூடன்ட்ஸ் மட்டும் தலையாட்டறாங்க. அதை நடத்தறவங்க முன்கூட்டியே பாத்துத் திருத்தச் சொல்லணும், பொது லெக்சர்னு போர்டு வச்சா பொதுவுக்குப் புரியணும். மூணாவது, கேள்வி கேக்கறேன்னு மைக்கை வாங்கி அஞ்சு நிமிஷம் சொந்தத் தியரி பேசற ஆட்களை சேர்மன் தடுக்கறதே இல்ல, ஒரு தடவை அப்படி ரெண்டு பேர் பேசி முடிக்கறதுக்குள்ள நேரம் போயி, கையைத் தூக்கிட்டே இருந்த பொண்ணுங்க ரெண்டு பேருக்கு மைக்கே போகல. எனக்கு அது நிஜமாவே வருத்தமா இருந்துச்சு. ஒருத்தருக்கு ஒரு கேள்வி, அதுவும் முப்பது செகண்ட்ல, ஸ்டூடன்ட்ஸுக்கு முதல் வாய்ப்புன்னு ஒரு விதி போட்டாப் போதும். 1825ல ஃபாரடே ராயல் இன்ஸ்டிட்யூஷன்ல சின்னப் பசங்களுக்காக கிறிஸ்மஸ் லெக்சர் ஆரம்பிச்சு வச்சது, இன்னைக்கும் நடக்குது, அந்த அளவுக்கு இளசுகளை முன்வரிசையில வைக்கற பழக்கம் எல்லா இடத்துக்கும் வரணும்.

பேட்டரி லெக்சரைக் கடைசிக்கு வச்சேன், ஏன்னா ஒரே ஒரு லெக்சருக்குத்தான் நேரம் இருக்குன்னா அதுக்குப் போங்கன்னு சொல்வேன். லித்தியம் உலோகத்தை நேரா மின்முனையா வைக்க முடியுமாங்கிறதுதான் சப்ஜெக்ட். 1970கள்ல விட்டிங்ஹாம் அப்படித்தான் ஆரம்பிச்சாரு, சார்ஜ் பண்ணப் பண்ண லித்தியம் சமமா படியாம ஊசி ஊசியா வளந்து எதிர்முனையைத் தொட்டு ஷார்ட் ஆகி தீப்பிடிக்கற சிக்கல் வந்துச்சு. 1980ல குட்இனஃப் எதிர்முனைக்கு கோபால்ட் ஆக்ஸைடைக் கொண்டு வந்தாரு, 1985ல யோஷினோ லித்தியம் உலோகத்துக்குப் பதிலா கார்பன் வச்சாரு, 1991ல சோனி கடைக்குக் கொண்டு வந்துச்சு, 2019ல மூணு பேருக்கும் நோபல். அதாவது இன்னைக்கு நம்ம ஃபோன்ல இருக்கறது அந்த ஊசிகளை ஜெயிச்சு வந்ததில்ல, ஒதுங்கி வந்தது. இப்போ திட எலக்ட்ரோலைட் (ரெண்டு முனைக்கும் நடுவுல அயனி போற பொருள்) வச்சு மறுபடியும் அந்த உலோகத்துக்கே போகப் பாக்கறாங்க, கெட்டியான செராமிக்கையும் அந்த ஊசி விரிசல் வழியா துளைச்சுக்கிட்டு போகுது, ஏன்னு இன்னும் சண்டை ஓயல. லெக்சர் முடிஞ்சதும் லேபைச் சுத்திக் காட்டறாங்க, ஆர்கான் வாயு நிரப்பின, கையுறை பொருத்தின கிளவ் பாக்ஸுக்குள்ள கையை விட்டு காயின் செல்ங்கற சின்ன வட்ட பேட்டரியை எப்படி அடுக்கறாங்கன்னு பாக்கலாம். வெட்டின உடனே லித்தியம் வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கும், வெளிக்காத்து பட்டா கொஞ்ச நேரத்துலயே மங்கி கறுக்க ஆரம்பிச்சிடும், எதுக்கு அவ்வளவு பெரிய பெட்டின்னு அப்போ தெரியும். லேப் சுத்தறதுக்கு சின்ன குரூப்பாத்தான் விடுவாங்க, லெக்சருக்குப் பதிஞ்சா தானா அதுல சேராது, ஃபார்ம்ல கீழ தனியா ஒரு பாக்ஸ் இருக்கு, அதையும் டிக் பண்ணிடுங்க.