புதிரா, ஜோக்கா, துணுக்கா: அமெரிக்கப் போர்க்கதைகளில் எது எடுபடும்?

"சண்டை நடந்த ஊரை விட்டுக் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போனார் ஒருவர். கடைசியில் அந்தப் போர் அவருடைய புது வீட்டு முன்னறைக்கே வந்து முடிந்தது. யார் அவர்?"

அமெரிக்க ராணுவ வரலாற்றிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி கிடைத்தால் நான் கேட்பது இதைத்தான். நண்பர்கள் கூடும் வினாடி வினாவுக்கு இந்த வரலாற்றில் மூன்று வகைச் சரக்கு உண்டு: யோசிக்க வைக்கும் புதிர், சிப்பாய்கள் வாயில் புழங்கும் ஜோக், பத்திரிகை ஓரத்தில் வரும் துணுக்கு. மூன்றையும் பலமுறை கேட்டுப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அழுத்தமான விருப்பு வெறுப்புகள் உண்டு.

முதலில் புதிர். மேலே உள்ள கேள்விக்கு விடை வில்மர் மெக்லீன். வர்ஜீனியாவில் புல் ரன் ஓடைக்கரையில் அவருக்குப் பண்ணை இருந்தது. 1861 ஜூலையில், வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை அந்தப் பக்கம்தான் மூண்டது. தெற்குப் படைத் தளபதி பியூரிகார்ட் மெக்லீன் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு பீரங்கிக் குண்டு அடுப்பிலேயே வந்து விழுந்தது. பிறகு மெக்லீன் அப்பமாட்டாக்ஸ் கோர்ட் ஹவுஸ் என்ற சின்ன ஊருக்கு இடம் மாறினார். அவருடைய சர்க்கரை வியாபாரமும் அதற்கு ஒரு காரணம். 1865 ஏப்ரல் 9 அன்று தெற்குப் படையின் ஜெனரல் லீ, வடக்குப் படையின் ஜெனரல் கிராண்டிடம் சரணடைந்தது அந்த வீட்டு முன்னறையில். சரணடைவு முடிந்ததும் வடக்குப் படை அதிகாரிகள் மேசை, நாற்காலி எல்லாவற்றையும் நினைவுப்பொருளாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். கிராண்ட் கையெழுத்திட்ட சின்ன மேசைக்கு ஜெனரல் ஷெரிடன் 20 டாலர் தங்கமாகக் கொடுத்து, அதைத் தன் படை அதிகாரி கஸ்டரின் மனைவிக்குப் பரிசாக அனுப்பினார்.

மெக்லீன் பெயரைக் கேள்விப்படாதவருக்கும் இது இனிக்கிறது. விடை தெரியாமல் தோற்றவர்கூட "அப்புறம்?" என்று கேட்கிறார். நல்ல புதிருக்கு அதுதான் அடையாளம்.

அமெரிக்கச் சுதந்திரப் போரைச் சேர்ந்த பங்கர் ஹில் புதிர் இதற்கு ஒரு படி கீழே. "பங்கர் ஹில் போர் எந்தக் குன்றில் நடந்தது?" என்று கேட்டால் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள், பொறி இருப்பது தெரிந்துவிடும். 1775 ஜூன் 17 அன்று சண்டை பெரும்பாலும் நடந்தது பக்கத்திலிருந்த பிரீட்ஸ் குன்றில்தான். 221 அடி உயர நினைவுத் தூண் நிற்பதும் அங்கேதான், ஆனால் தூணின் பெயர் பங்கர் ஹில். இதை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "294 படி ஏறி பங்கர் ஹில் நினைவுத் தூணின் உச்சிக்குப் போய்விட்டீர்கள். இப்போது எந்தக் குன்றின் மேல் நிற்கிறீர்கள்?" அதே விடைதான், ஆனால் கேட்பவர் மனதில் படி ஏறிக் களைத்துப்போய் நிற்பார்.

"சமாதானம் ஆன பிறகு நடந்த போர் எது?" என்ற கேள்வியை நான் விட்டே விட்டேன். நியூ ஆர்லியன்ஸ் என்று விடை சொல்வார்கள். அமெரிக்காவும் பிரிட்டனும் செய்த கென்ட் சமாதான உடன்படிக்கையில் 1814 டிசம்பர் 24 அன்று கையெழுத்தானது, சண்டை 1815 ஜனவரி 8 அன்று நடந்தது, அதெல்லாம் சரி. ஆனால் அமெரிக்க செனட் அதை ஏற்றது பிப்ரவரியில். அதுவரை சட்டப்படி போர் முடியவில்லை. விவரம் தெரிந்த ஒருவர் சபையில் இருந்தால் கேள்வியே ஆட்டம் கண்டுவிடும். அதோடு, அந்த வெற்றுத் தேதிக் கணக்குக்குள் நூற்றுக்கணக்கான சாவுகள் இருக்கின்றன. அதை வைத்துக் கைதட்டல் வாங்க எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்தது ஜோக். இங்கே மொழி குறுக்கே நிற்கிறது. புதிதாகச் சேர்ந்த சிப்பாயை "ஒரு பெட்டி கிரிட் ஸ்கொயர் வாங்கி வா" என்று அனுப்புவது அமெரிக்கப் படையின் பழைய விளையாட்டு. கிரிட் ஸ்கொயர் என்பது வரைபடத்தில் உள்ள கட்டம், அதை எந்தக் கிடங்கிலும் வாங்க முடியாது. கப்பலில் என்றால் "ஒரு வாளி நீராவி கொண்டு வா" என்பார்கள். வாளி நீராவி தமிழிலும் உடனே புரிகிறது. கிரிட் ஸ்கொயரை விளக்கி முடிப்பதற்குள் சிரிப்பு ஆறிப்போகிறது.

ஆனால் ஒரு ஜோக் மட்டும் தமிழுக்காகவே பிறந்தது போல இருக்கிறது. நான்கு படைகளுக்கும் ஒரே உத்தரவு: "அந்தக் கட்டடத்தைப் பத்திரப்படுத்துங்கள்." கடற்படை விளக்கை அணைத்து, கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பும். தரைப்படை வாசலில் காவல் போடும். கடலிலிருந்து தரையேறித் தாக்கும் மரைன்கள் சுட்டுக்கொண்டே பாய்ந்து கட்டடத்தைப் பிடிப்பார்கள். விமானப்படை மூன்று வருடக் குத்தகை பேசி, பிற்பாடு வாங்கிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்துக் கையெழுத்துப் போடும். ஆங்கிலத்தில் 'செக்யூர்' என்ற ஒற்றைச் சொல்லின் பல அர்த்தங்களில் இது தொங்குகிறது. நமக்கோ 'பத்திரம்' என்ற சொல் கையிலேயே இருக்கிறது. "விமானப்படை பத்திரம் முடித்துவிட்டு வரும்" என்று முடித்தால் போதும், விளக்கமே வேண்டாம்.

'நட்ஸ்' கதையையும் நான் விடமாட்டேன். இரண்டாம் உலகப் போர், 1944 டிசம்பர் 22: பெல்ஜியத்தில் அமெரிக்கப் படை இருந்த பாஸ்டோன் நகரை ஜெர்மானியர் வளைத்துவிட்டார்கள். சரணடையச் சொல்லிக் கடிதம் வருகிறது. அமெரிக்கர்களின் தற்காலிகத் தளபதி மெக்காலிஃப் அதைக் கேட்டதும் அவர் வாயில் வந்த சொல் 'நட்ஸ்'. எழுத்தில் என்ன பதில் அனுப்புவது என்று அவர் யோசித்தபோது, "முதலில் சொன்னதையே அனுப்பலாமே" என்றார் உடனிருந்த அதிகாரி. ஒரே சொல்லில் பதில் போனது. வாங்கிய ஜெர்மன் அதிகாரிகளுக்கு அர்த்தம் புரியவில்லை. பதிலைக் கொண்டுபோன அமெரிக்கக் கர்னல் ஹார்ப்பர்தான் "நாசமாய்ப் போங்கள் என்று அர்த்தம்" என்று விளக்க வேண்டியிருந்தது. விளக்கம் கேட்டாலே ஜோக் செத்துவிடும் என்பார்கள், இங்கே விளக்கம்தான் ஜோக்கின் இரண்டாம் பாதி. தமிழில் நான் 'போடா!' என்று சொல்லிப் பார்த்தேன், சபை சிரித்தது.

துணுக்குகளில் போட்டி பன்றிக்கும் ஒட்டகத்துக்கும். ஒட்டகம் பார்வைக்கு அழகு: 1855இல் நாடாளுமன்றம் 30,000 டாலர் ஒதுக்கியது, மறு வருடம் டெக்சாஸின் இண்டியனோலாவில் 34 ஒட்டகங்கள் இறங்கின, பாலைவனத்தில் படைக்குச் சுமை தூக்க. உள்நாட்டுப் போர் வந்ததும் திட்டம் சிதறிப்போனது. ஒட்டகம் ஓட்ட வந்த ஹாஜி அலி, அமெரிக்கர் வாயில் 'ஹை ஜாலி' ஆனார். அரிசோனாவின் குவார்ட்ஸைட்டில் அவருடைய கல்லறை பிரமிடு வடிவில், உச்சியில் ஒட்டகத்தோடு நிற்கிறது. நல்ல துணுக்குதான். கேட்டு வியந்தால் முடிந்துவிடும், அவ்வளவே.

பன்றிக் கதை அப்படியில்லை, அது வளர்ந்துகொண்டே போகும். 1846 ஒப்பந்தம், அமெரிக்க, பிரிட்டிஷ் பகுதிகளின் எல்லை கடற்கால்வாயின் நடுவே போகும் என்றது. ஆனால் அங்கே இருந்தது இரண்டு கால்வாய். நடுவில் மாட்டிய சான் ஹுவான் தீவை அமெரிக்காவும் பிரிட்டனும் தமதென்றன. 1859 ஜூன் 15 அன்று லைமன் கட்லர் என்ற அமெரிக்கர், தன் தோட்டத்தில் உருளைக்கிழங்கைக் கிளறிய பன்றியைச் சுட்டார். அது ஹட்சன் பே என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பன்றி. அமெரிக்கக் கேப்டன் பிக்கெட் 66 வீரர்களோடு இறங்கினார். ஆகஸ்ட் முடிவதற்குள் ஒரு பக்கம் 461 அமெரிக்கர், 14 பீரங்கி. மறு பக்கம் 5 பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள், 70 பீரங்கி, 2,140 பேர். ஒரு பன்றிக்காக இரு பெரும் நாடுகளைப் போரில் இறக்க மாட்டேன் என்று பிரிட்டிஷ் அட்மிரல் பெய்ன்ஸ் மறுத்தார். பிறகு 12 வருடம் இரு முகாம்களும் ஒரே தீவில் இருந்து, ஒருவர் கொண்டாட்டத்துக்கு மற்றவர் போய்வந்தார்கள். 1872இல் ஜெர்மன் பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் தீவு அமெரிக்காவுக்கு என்று தீர்ப்பளித்தார். செத்தது பன்றி ஒன்றே. அதனால்தான் இதை முழு மனதோடு சிரித்துச் சொல்ல முடிகிறது. ஒட்டகத்தைவிட பன்றிக்கே என் ஓட்டு.

ஆனால் மூன்று வகையும் ஒரே இடத்தில் கலந்த கதை ஒன்று உண்டு, நான் அதை எப்போதும் கடைசிக்கு வைப்பேன். 1944 டிசம்பரில், பாஸ்டோன் வளைக்கப்பட்ட அதே சண்டையில், ஜெர்மானியர் சிலர் அமெரிக்கச் சீருடையில் ஊடுருவினார்கள். சோதனைச் சாவடிகளில் அமெரிக்க வீரர்கள் வினாடி வினா நடத்தத் தொடங்கினார்கள். ஜெனரல் ஓமர் பிராட்லியும் தப்பவில்லை. இலினாய்ஸின் தலைநகர் எது என்றார் ஒரு காவல் வீரர். ஸ்பிரிங்ஃபீல்ட் என்று சரியாகச் சொன்னார் பிராட்லி. சிகாகோ என்று அடம்பிடித்தார் வீரர். இன்னொரு சாவடியில் அமெரிக்கக் கால்பந்து பற்றிய கேள்வி. மூன்றாவது சாவடியில், நடிகை பெட்டி கிரேபிளின் கணவர் யார் என்று கேட்டார்கள். ஜெனரலுக்குத் தெரியவில்லை. அவரை மடக்கிவிட்ட சந்தோஷத்தில் வீரர் வழிவிட்டார். விடை ஹாரி ஜேம்ஸ்.