சர்வர் ஒரே கட்டளையில் தயாராகும் என்று சொல்லி 640 டாலரை வாங்கிக்கொண்டார்கள். தயவுசெய்து படியுங்கள்

நேற்று ராத்திரிதான் நான் ஆள் பிடித்த ஆன்லைன் வேலைத் தளத்திலிருந்து கடைசி பதில் வந்தது. "இந்த வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். மேற்கொண்டு எதுவும் செய்ய இயலாது." அவ்வளவுதான். 640 டாலர் போனது போனதுதான். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்னுக்குப் பின் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சர்வர் அமைக்கும் வேலையை வெளியாளிடம் கொடுக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் மூன்று இணையதளங்களைப் பார்த்துக்கொள்கிறேன். மூன்றும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுபவை. எல்லாம் உபுண்டு 20.04 என்ற இயங்குதளம் போட்ட ஒரு பழைய சர்வரில், அதாவது தளங்களை ஓட்டும் கணினியில், கிடந்தன. அந்தப் பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துபோனது. வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்புதான் அதில் இருந்தது, அதை உருவாக்கியவர்கள் 2022 நவம்பரிலேயே கைவிட்டுவிட்டார்கள். இனியும் அங்கே இருக்க முடியாது, 24.04-க்கு மாறியே ஆக வேண்டும்.

கையால் மாற்றிப் பழகியவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். பக்கங்களை அனுப்பும் என்ஜின்எக்ஸ், பிஎச்பி, டேட்டாபேஸான மரியாடிபி மூன்றையும் நிறுவ வேண்டும். டேட்டாபேஸுக்குத் தனிப் பயனர், அமைப்புகளை எழுதும் கான்ஃபிக் கோப்பு, கோப்புகளின் உரிமைகள், பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ், பேக்கப் என்று வரிசையாக வரும். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். போன முறை படம் ஏற்றும் அளவை பிஎச்பியில் கூட்டிவிட்டு என்ஜின்எக்ஸில் கூட்ட மறந்துவிட்டேன். என்ஜின்எக்ஸ் தன் போக்கில் 1 எம்பிக்கு மேல் ஏற்காது, பிஎச்பி 2 எம்பி வரை விடும். இரண்டு இடத்திலும் மாற்றினால்தான் வேலை நடக்கும். கட்டுரை போடுகிறவர்கள் இரண்டு நாள் படம் ஏறவில்லை என்று என்னைத் திட்டினார்கள்.

அதனால்தான் சர்வர் அமைப்பதைத் தானாகச் செய்யும் ஆன்சிபிள் என்ற கருவியை வைத்துச் செய்யலாம் என்று நினைத்தேன். சர்வரில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பிளேபுக் கோப்புகளில் எழுதி வைத்துவிட்டால், வெறும் சர்வரைக் காட்டி ஒரு கட்டளை கொடுத்தால் போதும், எல்லாம் அமைந்துவிடும். அதையே இரண்டாம் முறை ஓட்டினால் எதுவும் மாறக் கூடாது, ஏற்கெனவே சரியாக இருப்பதைத் தொடாமல் விட வேண்டும். எனக்குத் தேவை அதுதான். நானே உட்கார்ந்து கற்றுக்கொள்ள அப்போது நேரம் இல்லை. வேலை கொடுப்பவர்களையும் செய்பவர்களையும் சேர்த்துவைக்கிற ஒரு ஆன்லைன் தளத்தில் போட்டேன். பணத்தைத் தளமே பிடித்து வைத்துக்கொண்டு, நாம் வேலையை ஏற்ற பிறகுதான் கொடுக்கும். அது ஒரு பாதுகாப்பு என்று நம்பினேன்.

வந்தவருக்கு நிறைய நட்சத்திரங்கள். பேச்சும் மரியாதையாக இருந்தது. "மேடம், கவலையே வேண்டாம், இதை நான் தினமும் செய்கிறேன்" என்றார். உபுண்டு 24.04, பிஎச்பி 8.3, மூன்று தளங்கள், மூன்றும் தனித்தனி சர்வர் என்று முதல் செய்தியிலேயே எழுதியிருந்தேன். எல்லாவற்றுக்கும் "ஆமாம் மேடம்" என்று பதில். 640 டாலர் பேசி முடித்தோம்.

பத்து நாள் கழித்து திரையைப் பகிர்ந்து ஓட்டிக் காட்டினார். இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவருடைய சர்வர், அவருடைய திரை. கட்டளையைத் தட்டினார். வரிசையாக வரிகள் ஓடின. என்ஜின்எக்ஸ், பிஎச்பி, மரியாடிபி, வேர்ட்பிரஸ் என்று ஒவ்வொரு தலைப்பாக வந்து போனது. பதினோரு நிமிடத்தில் முடிந்தது. பிரவுசரைத் திறந்து முகப்புப் பக்கத்தைக் காட்டினார். இரண்டு நாள் வேலை பதினோரு நிமிடத்தில்! எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆன்சிபிள் ஓடி முடிந்ததும் கடைசியில் ஒரு கணக்கு வரி காட்டும். அதில் "ஃபெயில்டு" என்பதற்கு நேராகப் பூஜ்யம் இருந்தது. "பாருங்கள் மேடம், ஒரு தவறுகூட இல்லை" என்றார். நானும் அந்தப் பூஜ்யத்தைத்தான் பார்த்தேன்.

அதே வரியில் கொஞ்சம் தள்ளி "ஸ்கிப்டு 41, இக்னோர்டு 9" என்று இருந்திருக்கிறது. அன்று நான் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டில் இப்போதும் தெளிவாகத் தெரிகிறது. 41 வேலைகளைச் செய்யாமலே தாண்டிப் போயிருக்கிறது. 9 வேலைகள் தோற்றும், தோல்வியைக் கண்டுகொள்ளாதே என்று எழுதி வைத்ததால் ஓட்டம் நிற்கவில்லை. தோல்வியை எண்ணாமல் விட்டால் தோல்வி பூஜ்யமாகத்தானே இருக்கும்!

மறுநாள் என் முதல் சர்வரில் தானே ஓட்டித் தருவதாகச் சொன்னார். கடவுச்சொல்லைக் கொடுத்தேன். இரண்டு ராத்திரி கழித்து, "முடிந்தது மேடம், பாருங்கள்" என்று செய்தி. பதினோரு நிமிட வேலைக்கு இரண்டு ராத்திரி ஏன் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். தளம் நன்றாகத்தான் ஓடியது. படம் ஏறியது, சான்றிதழ் இருந்தது. "நீங்கள் ஏற்றுக்கொண்டால் அடுத்த சர்வருக்கும் உதவி செய்கிறேன், எங்கே போகப் போகிறேன்" என்றார். பொத்தானை அழுத்தினேன். 640 டாலர் அந்த நொடியே போய்விட்டது.

பதினெட்டு நாள் கழித்து இரண்டாவது தளத்துக்கான சர்வரை எடுத்து, நானே கட்டளையைக் கொடுத்தேன். சான்றிதழ் வாங்கியது. அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. வெறும் சர்வர் வெறும் சர்வராகவே இருந்தது. கடைசி வரியில் மட்டும் அதே பூஜ்யம்.

செய்தி அனுப்பினேன். "மறுபடி ஓட்டிப் பாருங்கள் மேடம்." ஓட்டினேன். "சர்வரை அழித்துவிட்டுப் புதிதாக ஓட்டுங்கள்." அழித்தேன், ஓட்டினேன். "நெட்வொர்க் பிரச்சினையாக இருக்கும், நாளைக்கு ஓட்டுங்கள்." இப்படியே ஐந்து தடவை ஆனது. ஒவ்வொரு தடவையும் அந்த ஸ்கிரிப்ட், அதாவது பிளேபுக், இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டிடம் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறது. அச்சு அசலாக அதே பெயருக்கான சான்றிதழை அவர்கள் ஒரு வாரத்தில் 5 தடவைக்கு மேல் தர மாட்டார்கள். ஆறாவது தடவை மறுத்துவிட்டார்கள். பரிசோதனைக்கென்றே அவர்கள் தனியாக ஒரு ஸ்டேஜிங் சர்வர் வைத்திருக்கிறார்கள். தினமும் இதே வேலை செய்கிற ஆளுக்கு அதுகூடவா தெரியாது?

சரி, கோப்புகளையே திறந்து பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். ஆன்சிபிள் எனக்கு அரைகுறைதான். ஆனால் அது படித்தால் புரியும் மொழி. என்ஜின்எக்ஸ், பிஎச்பி, மரியாடிபி என்று ஃபோல்டர்கள் அழகாக இருந்தன. உள்ளே எழுதியிருந்த வேலைகள் எல்லாவற்றையும் ஒரு நிபந்தனையின் கீழ் போட்டு, அந்த நிபந்தனையை அணைத்து வைத்திருந்தார். அந்த 41 இவைதான். போதாக்குறைக்கு அவற்றில் இருந்தது பிஎச்பி 7.4. நான் 8.3 என்று எழுத்தில் கொடுத்திருந்தேன்! சான்றிதழ் வாங்குவதைத் தவிர, உண்மையில் வேலை செய்தது ஒரே ஒரு ஷெல் கட்டளை வரி. அது அவருடைய ஏதோ ஒரு முகவரியிலிருந்து சுருக்கிய கோப்பு ஒன்றை இறக்கி சர்வரில் விரிக்கும். முன்பே தயார் செய்து வைத்த முழுத் தளமும் அந்தக் கோப்புக்குள் இருந்திருக்கிறது. பதினோரு நிமிட அதிசயம் அவ்வளவுதான். அந்த முகவரி இப்போது செத்துக் கிடக்கிறது.

அப்படியானால் என் முதல் சர்வர் எப்படித் தயாரானது? சர்வரில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரின் கட்டளை வரலாற்றைத் திறந்தேன். முந்நூற்றுச் சொச்சம் வரிகள். கான்ஃபிக் கோப்பை எடிட்டரில் திறந்து திருத்தியது, சர்வீஸை மறுதொடக்கம் செய்தது, தவறு வந்து திரும்பத் திருத்தியது என்று எல்லாம் கையால் தட்டியவை. நான் எதைச் செய்ய வேண்டாம் என்று 640 டாலர் கொடுத்தேனோ, அதையே இரண்டு ராத்திரி செய்துவிட்டு ஆன்சிபிள் செய்ததாகச் சொல்லியிருக்கிறார்.

இதைவிட மோசமானது இனிமேல்தான். ரூட் பயனரின் எஸ்எஸ்எச் சாவிப் பட்டியலில் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய விடும் சாவிகள்) என்னுடையதோடு இன்னொரு சாவியும் இருந்தது. அவருடையது. வேலை முடிந்து மூன்று வாரம் ஆகியும் அவர் நினைத்த நேரத்தில் என் சர்வருக்குள் வரலாம், டேட்டாபேஸைப் பார்க்கலாம், அழிக்கலாம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு பிளேபுக்கிலேயே வெறும் எழுத்தாகக் கிடந்தது. இப்படிப்பட்டதை மறைத்து வைக்கத்தான் ஆன்சிபிளில் வால்ட் இருக்கிறது. வேர்ட்பிரஸ் கான்ஃபிக் கோப்பில் எட்டு ரகசியச் சரங்கள் உண்டு, உள்நுழைவுக் குக்கிகளுக்கு அவைதான் பாதுகாப்பு. ஒவ்வொரு தளத்துக்கும் புதிதாக உருவாக்க வேண்டியவை. இந்த ஆள் முதலில் மாதிரிக்கு எனக்கு அனுப்பிய கோப்பில் இருந்த அதே எட்டும் என் தளத்தில் அப்படியே இருந்தன. இன்னும் எத்தனை பேர் தளத்தில் இருக்கின்றனவோ தெரியவில்லை.

எல்லாவற்றையும் படம் பிடித்து அவருக்கு அனுப்பினேன். முதலில் "உங்கள் உபுண்டு பதிப்பு வேறு மேடம், அதனால்தான்" என்றார். நான் எழுதிக் கொடுத்த பதிப்பே அதுதான் என்று முதல் செய்தியைக் காட்டினேன். "புதிய பதிப்புக்கு மாற்றுவது தனி வேலை, 200 டாலர் ஆகும்" என்றார். சாவியைப் பற்றிக் கேட்டதற்கு "அது சப்போர்ட்டுக்காக" என்றார். மறுநாள் "சப்போர்ட் காலம் 14 நாள், முடிந்துவிட்டது" என்றார். சப்போர்ட் முடிந்துவிட்டது, சப்போர்ட்டுக்கான சாவி மட்டும் உள்ளே இருக்கும்! அப்புறம் பதிலே இல்லை.

அந்த வேலைத் தளத்திடம் புகார் கொடுத்தேன். முதல் பதில் இயந்திரம் அனுப்பியது. இரண்டாவது பதிலில் "செய்பவரோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். மூன்றாவதில் யாரோ ஒருவர், "தளம் ஓடுகிறதா?" என்று மட்டும் கேட்டார். முதல் தளம் ஓடுகிறது, நான் கேட்டது தளத்தை அல்ல, அதை அமைக்கும் ஸ்கிரிப்டை என்று ஒரு பக்கம் எழுதினேன். கட்டளை வரலாறு, ஸ்கிரீன்ஷாட், அணைத்து வைத்த நிபந்தனை எல்லாவற்றையும் இணைத்தேன். ஒன்றையாவது திறந்து பார்த்தார்களா என்று தெரியாது. நேற்று அந்தக் கடைசி பதில். நான் எழுதிய விமர்சனத்தையும் "விதிகளுக்கு உட்பட்டதாக இல்லை" என்று தூக்கிவிட்டார்கள். அந்த ஆளின் நட்சத்திரங்கள் அப்படியே மின்னுகின்றன. 640 டாலர்! எனக்கு அது சின்னத் தொகை இல்லை.

விவரமாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். மூன்று தளங்களின் பாஸ்வேர்டுகளையும் இப்போதே மாற்றியாக வேண்டும், அதனால் அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய சர்வரில் ஓட்டிக் காட்டுவதை நம்பாதீர்கள். உங்களுடைய வெறும் சர்வரில், உங்கள் கையால், அவர் இல்லாதபோது ஓட்டுங்கள். உடனே இரண்டாம் முறையும் ஓட்டுங்கள், கணக்கு வரியில் "சேஞ்சுடு" (மாற்றியவை) என்பது பூஜ்யமோ பூஜ்யத்துக்குப் பக்கமோ வர வேண்டும். ஸ்கிப்டு, இக்னோர்டு எண்களைப் பாருங்கள், ஏன் என்று கேளுங்கள். கோப்புகளில் தெரியாத முகவரி எதையாவது இறக்குகிறதா என்று தேடுங்கள். இத்தனையும் முடியும்வரை அந்த ஏற்பு பொத்தானைத் தொடாதீர்கள். ஏற்கெனவே யாரிடமாவது வேலை வாங்கியிருந்தால் இன்றைக்கே சர்வரின் எஸ்எஸ்எச் சாவிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ரூட் பயனருடையதை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். என் சர்வரில் இன்று காலை இன்னொரு பயனர் பெயரும் இருந்தது, அதிலும் அதே சாவி.