பழைய கிறிஸ்துமஸ் படங்களுக்கு எப்சன் வி600: நெகட்டிவ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்

டிசம்பர் 20-ஆம் தேதி ஸ்கேனர் வாங்கி, 25-க்குள் மொத்த ஆல்பத்தையும் முடித்து உறவினர்களுக்கு அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போடுபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம்: இந்த இயந்திரத்தை வைத்துக்கொண்டு அது நடக்காது. எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600 நிதானமான ஆள். 2009-இல் வந்தது. வைஃபை கிடையாது, படங்களை அடுக்கி வைத்தால் தானாக இழுத்துக்கொள்ளும் வசதி கிடையாது, யூஎஸ்பி 2.0 கேபிளில்தான் ஓடும். ஆனால் இதன் மூடிக்குள் இன்னொரு விளக்கு இருக்கிறது. நெகட்டிவுக்கும் ஸ்லைடுக்கும் (உண்மையான நிறத்திலேயே படம் தெரியும் ஃபிலிம்) மேலிருந்து ஒளி பாய்ச்ச வைத்த விளக்கு அது. இதை வாங்குவதற்கு அது ஒன்றுதான் உருப்படியான காரணம்.

சின்ன வயது கிறிஸ்துமஸ் படங்களுக்கு நெகட்டிவ் ஏன் அவ்வளவு முக்கியம்? பிரிண்ட் போடும்போது லேப் இயந்திரம் நாலு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டிவிடும். மரத்தடியில் உட்கார்ந்த பிள்ளைகள் நடுவில் இருப்பார்கள். ஓரமாக நின்ற அத்தையின் பாதி முகம் பிரிண்டில் இருக்காது, நெகட்டிவில் முழுசாக இருக்கும். ஃபிளாஷ் அடித்து முகம் வெள்ளைத் தாளாகிப்போன படங்களும் அப்படித்தான். கலர் நெகட்டிவ் அதிக வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும் என்பதால், பிரிண்டில் வெளுத்துப்போன கன்னமும் வெள்ளைச் சட்டையின் மடிப்பும் நெகட்டிவில் பத்திரமாக இருக்கும். அதோடு ஓரத்தில் பிரேம் எண் இருக்கிறது. பொம்மையைப் பிரித்தது முதலா, குடும்பப் படம் எடுத்தது முதலா என்று அண்ணன் தம்பிக்குள் நடக்கும் வழக்கை 14, 14ஏ, 15 என்ற எண்களே தீர்த்துவிடும்.

35 மி.மீ. ஃபிலிமைப் பிடித்து வைக்கும் ஹோல்டரில் ஒரே நேரத்தில் 12 பிரேம் வைக்கலாம். சட்டம் போட்ட ஸ்லைடு என்றால் நான்கு. மூடியின் உட்பக்கம் இருக்கும் வெள்ளைப் பலகையை முதலில் கழற்ற வேண்டும். இதை மறந்துவிட்டு ‘வெறும் கறுப்பாக வருகிறது’ என்று ஸ்கேனரைத் திட்டுபவர்கள்தான் அதிகம். ஃபிலிமின் பளபளப்பான பக்கம் கீழே கண்ணாடியைப் பார்த்திருக்க வேண்டும். சரியாக வைத்திருந்தால் மேலிருந்து பார்க்கும்போது ஓரத்து எழுத்துகள் திருப்பித் தெரியும். மாற்றி வைத்தால் படம் வரத்தான் செய்யும். ஆனால் இடது வலது புரண்டு, சுவரில் தொங்கும் வாழ்த்து எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் இருக்கும். ஹோல்டரின் மேல்முனையில் ஒரு காலி இடுக்கு இருக்கும். ஒளியை அளவெடுக்க விட்ட இடம் அது. அங்கே ஒரு தூசித் துணுக்கு இருந்தால்கூட படத்தில் நீளக் கோடு விழும்.

ஃபிலிம் சுருண்டிருப்பதுதான் இதில் பெரிய தொந்தரவு. ஹோல்டரின் உயரத்தை மாற்ற வழியில்லை. நடுவில் வளைந்த ஃபிலிம் கண்ணாடியைத் தொட்டால் எண்ணெய்ப் படலம்போல் வட்ட வட்டமாக நிற வளையங்கள் விழும். மேலே எழும்பினால் அந்தப் பகுதி மங்கும். கனமான புத்தகத்துக்கு அடியில், உறையோடு, சில நாள் அழுத்தி வைத்துவிட்டு ஸ்கேன் செய்வதே நல்லது.

பெட்டியில் 6400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) என்று போட்டிருக்கிறது. அதை நம்பி அந்த அளவில் ஸ்கேன் செய்ய வேண்டாம். இதன் லென்ஸ் உண்மையில் பிரித்துக் காட்டுவது அதில் நான்கில் ஒரு பங்கை ஒட்டித்தான். 2400 டிபிஐ வைத்தால் ஒரு 35 மி.மீ. பிரேம் சுமார் 3400 × 2270 பிக்சல், அதாவது 7.7 மெகாபிக்சல் வரும். டிவிக்கும் புத்தகத்தில் ஒரு பக்கம் அச்சிடவும் அது தாராளம். அதற்கு மேல் ஏற்றினால் வட்டு நிரம்பும், கிறிஸ்துமஸ் கடந்துபோகும், படம் தெளிவடையாது.

இனி நிறம். கூடவே வரும் மென்பொருள் பெரிய தப்பு செய்வது இங்கேதான், இந்த வகைப் படங்களில்தான். பொதுவான கலர் ஃபிலிம் பகல் வெளிச்சத்துக்காக, அதாவது சுமார் 5500 கெல்வினுக்காகச் செய்தது (ஒளியின் நிறத்தை அளக்கும் அலகு; எண் குறைந்தால் ஒளி மஞ்சளாகும்). பழைய குண்டு பல்பு ஏறக்குறைய 2800 கெல்வின். அதனால் ஃபிளாஷ் இல்லாமல் வீட்டுக்குள் எடுத்த படத்தில் சுவர், முகம், மரம் எல்லாமே ஆரஞ்சாக இருக்கும். தானியங்கி நிறத் திருத்தம் இதைக் குறை என்று நினைத்து நீலத்தை ஏற்றும். ஆரஞ்சு போய்விடும், கூடவே அந்த ராத்திரியும் போய்விடும். மருத்துவமனை வராண்டாவில் மரம் வைத்த மாதிரி ஆகிவிடும். அதை அணைத்துவிட்டு, ஹிஸ்டோகிராமில் (படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடம்) இரு முனைகளை மட்டும் கையால் இழுத்து, அந்த ஆரஞ்சுச் சூட்டில் பாதியையாவது விட்டு வையுங்கள்.

ஆனால் எல்லா ஆரஞ்சும் பல்பு வெளிச்சமல்ல. பழைய பிரிண்ட்களில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் கிடந்தே வெளிறும், படம் சிவந்துவிடும். எது எது என்று கண்டுபிடிக்கக் கறுப்பைப் பாருங்கள். தலைமுடியும் கறுப்புக் கால்சட்டையும் கறுப்பாகவே இருந்து சுவர் மட்டும் ஆரஞ்சாக இருந்தால் அது விளக்கு, தொடாதீர்கள். தலைமுடியே செம்பழுப்பாக இருந்தால் சாயம் போய்விட்டது. அப்போது எப்சன் ஸ்கேன் என்ற அந்த மென்பொருளில் உள்ள நிற மீட்புப் பெட்டியை டிக் செய்யலாம். அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது.

தூசியும் கீறலும் நீக்கும் டிஜிட்டல் ஐஸ் கலர் நெகட்டிவில் அருமை. அகச்சிவப்புக் கதிர் கலர் சாயத்தைத் தாண்டிப் போகும், தூசியில் தடுக்கப்படும்; அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் இது வேலை செய்கிறது. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படமே வெள்ளித் துகள் என்பதால் அதையும் தூசி என்று எடுத்துக்கொண்டு மூக்கையும் கண்ணையும் அரிக்கும். கோடாக்ரோம் என்ற பழைய கோடாக் ஸ்லைடிலும் நம்ப முடியாது. அவற்றுக்கு ரப்பர் பல்பு ஊதியும் மென்மையான பிரஷும்தான். ஐஸ் போட்டால் நேரம் பல மடங்கு நீளும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பிரிண்ட்களுக்கு 600 டிபிஐ போதும். 4 × 6 அங்குலப் படம் 2400 × 3600 பிக்சல் வரும். தரம் குறையாமல் சேமிக்கும் 24 பிட் டிஃப் கோப்பாக ஏறக்குறைய 26 எம்பி. தானாக வெட்டிப் பிரிக்கும் முறையில் படங்களுக்கிடையே 20 மி.மீ. இடைவெளி தேவை, அதனால் தட்டில் இரண்டுதான் வைக்க முடியும். சாதாரண முன்னோட்டத்தில் நீங்களே கட்டம் போட்டால் மூன்று: நெட்டுக்குத்தாக இரண்டு, கீழே படுக்கையாக ஒன்று. நூறு படம் என்றால் இந்த ஒரு படம் பெரிய விஷயம்.

ஒட்டும் பக்கம் உள்ள பழைய ஆல்பங்களில் படத்தைப் பிய்க்காதீர்கள். இதில் இருப்பது சிசிடி உணரி. கண்ணாடியிலிருந்து சில மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும் பரப்பையும் தெளிவாகவே படிக்கும். மெல்லிய, மலிவான ஸ்கேனர்களில் இருக்கும் சிஐஎஸ் உணரி அதில் மங்கிவிடும். எனவே பக்கத்தை அப்படியே கவிழ்த்து ஸ்கேன் செய்துவிட்டு, பிறகு வேண்டுமானால் பல்லிடுக்கு நூலைப் படத்தின் பின்னால் அறுப்பதுபோல் மெதுவாக ஓட்டிப் பிரித்துப் பாருங்கள். முதலில் ஸ்கேன், பிறகுதான் நூல்.

பிரித்தெடுத்த படத்தின் முதுகையும் 300 டிபிஐயில் ஒரு ஸ்கேன். பாட்டியின் கையெழுத்து முன்பக்கத்தைவிட விலை மதிப்புள்ளதாக இருக்கக்கூடும். ஓரத்திலோ பின்னாலோ அச்சிட்ட மாதத்தை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. அது கழுவிய மாதம். ரோல் தீரும்வரை கேமராவிலேயே கிடந்த காலம் அது. ‘மார்ச் 78’ என்று இருந்தால் மரத்தடிப் படம் பெரும்பாலும் 1977 டிசம்பருடையது. ஸ்கேனர் கோப்பில் பதிப்பதோ இன்றைய தேதி. அப்படியே விட்டால் ஃபோன் கேலரியில் பெரியப்பாவின் குழந்தைப் படம் போன வாரம் எடுத்ததாக நிற்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியால் எடுத்த தேதியை மொத்தமாக மாற்றலாம்.

நெகட்டிவே இல்லை, கட்டுக்கட்டாகப் பிரிண்ட்தான் என்றால் அதே நிறுவனத்தின் ஃபாஸ்ட்ஃபோட்டோ எஃப்எஃப்-680டபிள்யூ 36 படங்களை அடுக்கினால் 300 டிபிஐயில் நொடிக்கு ஒன்று வீதம் விழுங்கும், முதுகையும் சேர்த்தே படிக்கும். கிழிந்த, பசை ஒட்டிய படத்தை அதில் விடவே கூடாது. முப்பது நாற்பது படத்துக்கு இரண்டுமே வேண்டாம். பளபளப்பு விழாமல் எடுக்கும் கூகுள் ஃபோட்டோஸ்கேன் செயலி போதும்.

பகிரும்போது டிஃப் கோப்புகளை வீட்டில் வைத்துக்கொண்டு ஜேபெக் நகல்களைக் கொடுங்கள். டிவிகள் பெரும்பாலும் டிஃபைத் திறக்காது. வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். கோப்புப் பெயர் 1977-12-25-03 என்ற வடிவில் இருந்தால் பென்டிரைவில் போட்டதும் டிவி தானே வரிசைப்படுத்தும். எல்லோரும் உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில் ஃபோனில் குரல் பதிவை ஓடவிடுங்கள். பெரியவர்களிடம் ‘ஞாபகம் இருக்கா?’ என்று கேட்டால் ‘இருக்கு’ என்பதோடு நின்றுவிடும். ‘இதை எடுத்தது யாரு? கேமரா யாருடையது? அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருந்துச்சு?’ என்று கேளுங்கள். அந்தப் பதிவுக்கும் படத்தின் அதே எண்ணையே வைத்தால் இரண்டும் பிரியாமல் ஒரே இடத்தில் கிடக்கும்.