மெஸ், ஏசி ஹால், ஆப்: டெல்டாவில் வெளிச்சாப்பாட்டுக் கணக்கு

கும்பகோணத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஓட்டல்களில் இடம் கிடைப்பது கஷ்டம். திருநாகேஸ்வரத்தில் நாலரை முதல் ஆறு வரை ராகுகாலப் பாலாபிஷேகம் பார்த்துவிட்டு வரும் வெளியூர்க் கூட்டம் இங்கேதான் சாப்பிட வரும். மூன்று மாதத்துக்கு முன்னால் அப்படி ஒரு ஞாயிறு, அம்மா, மனைவி, பையன், நான் என நாலு பேரும் ஓர் ஏசி ஹாலில் காத்திருந்து டிபன் சாப்பிட்டோம். நெய் ரோஸ்ட், பூரி, இடியாப்பம், கடைசியில் நாலு காபி. பில் 780 ரூபாய். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல மூணு மாசத்துக்கு உளுந்து வாங்கிடலாமேடா" என்றார்.

அன்றிலிருந்து வெளியே சாப்பிட்ட பில்களையெல்லாம் எடுத்து வைத்தேன். மெஸ், ஏசி ஹால், வீட்டுக்கே கொண்டுவரும் ஆப், ராத்திரித் தள்ளுவண்டி என்று நாலு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கே சில விஷயங்கள் புதிதாக இருந்தன.

முதலில் அரிசியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மூரில் எந்த ஓட்டல்காரரைக் கேட்டாலும் "அரிசி ஏறிப்போச்சு சார்" என்றுதான் ஆரம்பிப்பார். 2025-26 கொள்முதல் பருவத்தில் சன்ன ரக நெல்லுக்குத் தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். கிலோவுக்கு 25 ரூபாய் 45 காசு. நூறு கிலோ நெல்லை அரைத்தால் 65 கிலோ பக்கம் அரிசி தேறும். கடையில் கிலோ 60 ரூபாய்க்கு வாங்குகிறார்கள் என்றே வைத்தாலும், ஒரு ஆள் சாப்பாட்டுக்குக் கால் கிலோ போனால் 15 ரூபாய். 150 ரூபாய்ச் சாப்பாட்டில் நம் வயல் அரிசியின் பங்கு அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் அரிசியைச் சுற்றி இருப்பது. சமையல் எண்ணெய்க்கு 2024 செப்டம்பரில் இறக்குமதி வரியை ஏற்றினார்கள். அடுத்த மே மாதம் சுத்திகரிக்காத கச்சா சமையல் எண்ணெய்க்கு மட்டும் அடிப்படை வரியைப் பாதியாகக் குறைத்தார்கள். 2025-ல் தேங்காய் விலை ஏறியபோது சட்னியில் பொட்டுக்கடலை கூடியதை நாக்கே சொல்லிவிடும். பிரேசிலிலும் வியட்நாமிலும் மழை பொய்த்ததால் காபிக்கொட்டை விலை ஏறி, எங்கள் தெருமுனைக் கடையில் 15 ரூபாயாக இருந்த காபி 25 ஆகிவிட்டது. டிகிரி காபிக்குப் பேர்போன ஊரில் இது சின்ன அடி இல்லை. காலையில் மூன்று முறை குடித்தவர்கள் ஒரு முறையோடு நிறுத்துவதைப் பார்க்கிறேன்.

கேஸ் கணக்கை நிறையப் பேர் கவனிப்பதில்லை. வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ, ஜிஎஸ்டி 5 சதவீதம். ஓட்டல் சிலிண்டர் 19 கிலோ, ஜிஎஸ்டி 18 சதவீதம், மாதாமாதம் ஒன்றாம் தேதி விலை மாறும். சாதாரண ஓட்டல் நம்மிடம் 5 சதவீதம்தான் வாங்கலாம். ஆனால் தான் கேஸுக்குக் கட்டிய 18 சதவீதத்தை அதில் கழித்துக்கொள்ள முடியாது. அப்புறம் அந்தப் பணம் எங்கே போகும்? தோசை விலைக்குள்தான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஏசி ஹால் பில்லை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். ஏசியில் உட்கார்ந்தால் வரி அதிகம் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். 2017 ஜூலையில் அப்படித்தான் இருந்தது. ஏசிக்கு 18, ஏசி இல்லாததற்கு 12. அதே வருடம் நவம்பர் 15 முதல், பெரிய நட்சத்திர விடுதிகளுக்குள் இருப்பவை தவிர, எல்லாவற்றுக்கும் 5 சதவீதம்தான். ஆகவே, கீழே 90 ரூபாய்க்கு விற்கும் ரோஸ்ட் மாடி ஏசி ஹாலில் 120 என்றால், அந்த 30 ரூபாய் அரசாங்க வரி இல்லை. குளிருக்கும் சோபாவுக்கும் ஓட்டல் வைத்த விலை. அதைக் கொடுப்பது தப்பு என்று சொல்லமாட்டேன். மூட்டு வலியோடு வரும் அம்மாவுக்கு நிதானமாக உட்கார ஓர் இடம் தேவைதான். தெரிந்து கொடுக்கலாம், அவ்வளவே. சில புது ரெஸ்டாரன்ட் பில்களில் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு தொகை தனியாக இருக்கும். அது கட்டாயம் இல்லை, எடுக்கச் சொல்லலாம். 2022-ல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னதை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது.

ஆப் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான அதிர்ச்சி. மழை நாள் ஒன்றில் பையனுக்கு மட்டும் ஒரு மினி டிபன் வரவழைத்தோம். கடையில் 110 ரூபாய். ஆப்பில் அதே தட்டு 135, ஏனென்றால் கடைக்காரர் கொடுக்கும் கமிஷனை அவர் எங்காவது ஈடுகட்ட வேண்டும். பேக்கிங் 10. இந்த 145-க்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் என்று ஏழேகால். டெலிவரிக்கு 30, பிளாட்ஃபார்ம் கட்டணம் 12. இந்த 42-க்கு 18 சதவீதம் வரி என்று ஏழரை. மொத்தம் கிட்டத்தட்ட 202. பிளாட்ஃபார்ம் கட்டணம் 2023-ல் வெறும் 2 ரூபாயாகத்தான் நுழைந்தது. டெலிவரி கட்டணத்துக்கு 18 சதவீத வரியை ஆப் நிறுவனமே கட்ட வேண்டும் என்ற விதி 2025 செப்டம்பர் 22-ல் வந்தது. 110 ரூபாய் டிபனுக்கு 92 ரூபாய் கூடுதல். அதில் சமைத்தவருக்குப் போவது கொஞ்சம்தான். நனைந்துகொண்டு கொண்டுவந்த தம்பிக்கும் பெரிதாக ஒன்றும் போகவில்லை.

ஐப்பசி கார்த்திகை அடைமழையில், வீட்டில் காய்ச்சலில் படுத்திருக்கும் நாளில் ஆப் ஒரு உதவிதான். அதை வாராவாரப் பழக்கமாக்குவதைத்தான் நாங்கள் விட்டோம்.

சரி, மெஸ்ஸுக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு மெஸ். வாசல் திண்ணையைத் தாண்டினால் ரேழியில் நாலு பெஞ்சு. அக்காவும் அவர் வீட்டுக்காரரும்தான் எல்லாம். சாப்பாடு 100 ரூபாய். சாம்பார், வத்தக்குழம்பு அல்லது மோர்க்குழம்பு, ரசம், கூட்டு, பொரியல், அப்பளம், மோர். இரண்டரைக்குச் சாப்பாடு முடிந்துவிடும். "தம்பி, ரசம் இன்னொரு கரண்டி ஊத்தவா?" என்று கேட்டுக்கொண்டே ஊற்றிவிடுவார். நல்ல முகூர்த்த நாளில் இலை விலை எகிறும். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து இலையெல்லாம் கல்யாண மண்டபங்களுக்குப் போய்விடும். அன்றைக்கும் இங்கே தட்டில் பேப்பர் விரிக்கமாட்டார், இலைதான்.

எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேட்டேன். ஒரு நாளைக்கு ஐம்பது சாப்பாடு என்றால் வருடத்துக்கு 18 லட்சம் சொச்சம். 20 லட்சத்துக்குள் இருப்பதால் ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. சொந்த வீடு, வாடகை இல்லை. ஆனால் பெரிய காரணம் வேறு. அக்காவுக்குச் சம்பளம் இல்லை. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து மதியம் மூன்று வரை நிற்கும் ஒருவரின் கூலி அந்த 100 ரூபாயில் சேரவே இல்லை. ஓட்டலில் சரக்கு மாஸ்டருக்கும் தோசை மாஸ்டருக்கும் தினக்கூலி உண்டு. வடக்கேயிருந்து வந்து பாத்திரம் கழுவும் பையன்களுக்குக் கூலியோடு தங்குமிடமும் உண்டு. அதெல்லாம் அங்கே பில்லில் ஏறுகிறது. இங்கே அக்காவின் முதுகில் ஏறுகிறது. அவர் பையன் சென்னையில் வேலை பார்க்கிறார். இவர்களுக்குப் பிறகு அந்த அடுப்பை யார் பற்றவைப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் சின்ன வயதில் சாப்பிட்ட மூன்று வீட்டு மெஸ்களில் இரண்டு இப்போது இல்லை.

பார்சல் சாப்பாட்டில் இன்னொரு லாபம் உண்டு, டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கொரு பார்சல் வாங்கினால் சோறு மிஞ்சும். ஒரு பார்சலை இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். எங்கள் நாலு பேருக்கு இரண்டு பார்சல் போதும். 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் தடை இருந்தும் கொதிக்கும் சாம்பாரைக் கவரில் கட்டித் தரும் பழக்கம் பல கடைகளில் போகவில்லை. நாங்கள் எவர்சில்வர் தூக்கு எடுத்துப் போகிறோம். தூக்கு கொண்டுவந்தால் அக்கா குழம்பை இன்னும் அரைக் கரண்டி சேர்த்தே ஊற்றுகிறார்.

ராத்திரிக்குத் தள்ளுவண்டி. நாலு இட்லி 40 ரூபாய், கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும் முட்டைத் தோசை. விலையில் இதை எதுவும் அடிக்க முடியாது. எண்ணெய் மட்டும் என்ன நிறத்தில் இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு நில்லுங்கள். தஞ்சாவூரில் பையன் வயதுக்காரர்கள் இந்த வண்டிகளை விட்டு மந்தி என்ற அரபு நாட்டுக் கறிச்சோற்றுக்கும் கிரில் சிக்கனுக்கும் போய்விட்டார்கள். நாலைந்து பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து பங்கு போட்டுக்கொள்வதால் ஆளுக்கு 200 ரூபாய்க்குள் முடிகிறது. அதில் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சேர்ந்து சாப்பிடுகிறார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஒரே ஒரு ஏசி ஹால், அதுவும் ராகுகாலக் கூட்டம் இல்லாத ஒரு வார நாளில். ஆப்பில் வரவழைப்பது மழைக்கும் காய்ச்சலுக்கும் மட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மெஸ்.

போன மாதம் அக்காவிடம், "விலையைக் கொஞ்சம் ஏத்துங்கக்கா, நாங்க வராமப் போயிடமாட்டோம்" என்று சொன்னேன். "பழகின ஆளுங்ககிட்ட எப்படித் தம்பி ஏத்துறது" என்று மோரைக் கலக்கிக்கொண்டே கேட்டார். பக்கத்து இலையில் இருந்த பேங்க் ஊழியர் ஒருவரும் என்னைப் போலவே விலையை ஏற்றச் சொன்னார். இந்த ஞாயிறு போனபோது வாசல் சிலேட்டில் 100-ஐ அழித்து 110 என்று எழுதியிருந்தது. ரேழியில் ஒரு பெஞ்சுகூடக் காலியாக இல்லை. தூக்கோடு திண்ணையில் காத்திருந்தோம்.