இத்தௌமாவா, கபாயெலா? பில்டப் ஒருவருக்கு, பதிவு இன்னொருவருக்கு

இருபது வயதிலேயே பிரிட்டிஷ் குத்துச்சண்டை வீரர் மோசஸ் இத்தௌமாவை அடுத்த மைக் டைசன் என்று எழுதித் தீர்த்துவிட்டார்கள். அதே ஹெவிவெயிட் பிரிவில் அகித் கபாயெல் என்று ஒருவர் இருக்கிறார். இவரும் தோல்வியே காணாதவர்தான். அவரை அடுத்த யாரோ என்று ஒருவரும் எழுதக் காணோம். பெயரைச் சொன்னால்கூட பாதிப் பேர் “யாருப்பா அது?” என்பார்கள். இந்த இருவரில் யாருக்குப் பாராட்டு கூடிவிட்டது, யாருக்குக் குறைந்துவிட்டது என்பதுதான் கேள்வி. 2025 முடிய உள்ள சண்டைகளை வைத்துப் பேசுகிறேன்.

இத்தௌமாவின் பெயர் கோலாலம்பூரில் இவ்வளவு பரவியதற்கு நேரமும் ஒரு காரணம். பெரிய சண்டைகள் நடக்கும் சவூதியின் ரியாத்தில் நள்ளிரவை நெருங்கும்போது நமக்கு அதிகாலை ஆகிவிடும். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருபத்து நான்கு மணி நேர மாமாக் கடைகளில் ஞாயிறு காலை ஐந்து மணிக்கு தே தாரிக்கோடு உட்கார்ந்தால் சண்டையை ஒரு கை பார்த்துவிடலாம். 2025 ஆகஸ்டில் இத்தௌமா டில்லியன் ஒயிட்டோடு மோதியதும் அப்படித்தான். ரொட்டி சானாய் தட்டுக்கு வருவதற்குள் முடிந்துபோனது. முதல் சுற்று, 1 நிமிடம் 59 வினாடி. வலது ஹூக்கில், அதாவது பக்கவாட்டில் வளைத்துப் போடும் குத்தில், விழுந்த ஒயிட் எழுந்து நின்றார், நடுவர் தொடர விடவில்லை. அவ்வளவுதான். மேசையில் இருந்த சின்னப் பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு மணிக்குள் எல்லார் கைப்பேசியிலும் அந்தத் துண்டுக் காணொளி ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் அந்தப் பையன்கள் பக்கத்து வாதத்தை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அது லேசான வாதம் இல்லை.

ஒயிட்டை 2015இல் ஆந்தனி ஜோஷுவா நாக் அவுட் செய்ய ஏழாவது சுற்று வரை போக வேண்டியிருந்தது. 2020இல் பொவெட்கினுக்கு ஐந்து சுற்று. 2022இல் டைசன் ஃபியூரிக்கு ஆறு. இத்தௌமாவுக்கு இரண்டு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. கேட்பதற்கு அசத்தலாக இருக்கிறது. ஆனால் ஒயிட்டுக்கு அப்போது வயது 37, அடி வாங்கி வாங்கித் தேய்ந்த உடம்பு. ஜோஷுவா சந்தித்த ஒயிட்டும் இவரும் ஒரே ஆள் இல்லை. இந்த ஒரு வெற்றியை வைத்து நான் எதையும் முடிவு செய்ய மாட்டேன்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதற்கு முந்தைய டிசம்பர். 2024 டிசம்பர் 21, அப்போதைய உலக சாம்பியன் உசிக்கும் ஃபியூரியும் இரண்டாம் முறை மோதிய அதே இரவு. இத்தௌமாவுக்கு எதிரில் ஆஸ்திரேலியாவின் டெம்சி மெக்கீன். பெரிய நட்சத்திரம் இல்லை, ஆனால் கெட்டியான ஆள். 2023இல் ஃபிலிப் ஹர்கோவிச் இதே மெக்கீனை நிறுத்தக் கடைசிச் சுற்று வரை, பன்னிரண்டாவது வரை, போராட வேண்டியிருந்தது. ஹர்கோவிச் ஒலிம்பிக் பதக்கக்காரர், சாமான்யர் இல்லை. இத்தௌமா மெக்கீனை முதல் சுற்றிலேயே முடித்தார். அப்போது அவருக்கு இருபது வயது நிறைய இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஒயிட் சண்டையைவிட நான் மதிப்பது இதைத்தான்.

அப்புறம், இந்தப் பையன் வெறும் கைபலத்தை நம்பி அடிப்பவர் இல்லை. 2022இல் உலக இளையோர் சாம்பியன். இடது கைக்காரர். முன்னால் இருக்கும் வலது காலை எதிராளியின் இடது காலுக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் அடிப்பார், அதனால் அவருடைய இடது கைக்கு வழி திறந்தே இருக்கும், எதிராளியின் வலது கைக்கு வழி அடைபட்டிருக்கும். இந்த எடையில் இந்த வயதில் கால் இப்படிப் பேசுவது அபூர்வம். பெரும்பாலான ஹெவிவெயிட் பையன்கள் கையைக் கற்றுக்கொண்டு பத்து வருடம் கழித்துத்தான் காலைக் கற்றுக்கொள்கிறார்கள்.

சரி, டைசன் ஒப்பீட்டுக்கு வருவோம். இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. டைசன் 1986 நவம்பர் 22 அன்று டிரெவர் பெர்பிக்கை இரண்டாம் சுற்றில் வீழ்த்தி, இருபது வயது நான்கு மாதத்தில் உலக சாம்பியன் ஆனார். அந்தச் சாதனையை முறியடிப்பேன் என்று இத்தௌமா சொல்லிக்கொண்டிருந்தார், 2025 மே மாதத்தோடு அந்த வாய்ப்பு போய்விட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டைசனின் பதிவில் எல்லோரும் தாண்டிப் போகும் ஒரு மாதம் உண்டு. 1986 மே. அந்த ஒரே மாதத்தில் ஜேம்ஸ் டில்லிஸோடு பத்து சுற்று, மிட்ச் கிரீனோடு பத்து சுற்று. இரண்டிலும் நாக் அவுட் கிடையாது, புள்ளியில்தான் ஜெயித்தார். டில்லிஸ் அவரை நன்றாகவே திணறவும் வைத்தார். அதாவது பட்டத்துக்கு முன்னாலேயே, ஆள் விழாவிட்டால் என்ன செய்வது என்ற பாடத்தை டைசன் படித்துவிட்டார்.

இத்தௌமா அந்தப் பாடத்தின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. 13 சண்டை, 13 வெற்றி, 11 நாக் அவுட். ஒருமுறைகூட ஆறு சுற்றைத் தாண்டியதில்லை. எட்டாவது சுற்றில் அவர் மூச்சு எப்படி இருக்கும், கனமான அடி ஒன்று தாடையில் விழுந்தால் முகம் எப்படி மாறும், முன்னேறி வருபவரை எப்படிச் சமாளிப்பார் என்பதற்குப் பார்வையாளர்களான நம்மிடம் ஒரு சாட்சியும் இல்லை. பயிற்சிக் கூடத்தில் இன்னாரை ஆட்டி வைத்தாராம், அன்னாரை மிரள வைத்தாராம் என்று கதை வருகிறது. கூடத்துக் கதைக்கு நான் மார்க் போடுவதில்லை.

இப்போது கபாயெல். ஜெர்மனியின் குர்துக் குடும்பத்துப் பிள்ளை, 1992இல் பிறந்தவர். 26 சண்டை, 26 வெற்றி, அதில் 18 நாக் அவுட். 2017இலேயே மொனாக்கோ போய் டெரெக் சிசோராவைப் புள்ளியில் தோற்கடித்தார். அதற்குப் பிறகு சில வருடம் ஆள் இருக்கும் இடமே தெரியவில்லை. கிளிட்ஷ்கோ சகோதரர்கள் விலகிய பிறகு ஜெர்மனியில் குத்துச்சண்டைக்கு முன்பிருந்த மவுசு போய்விட்டது. ஆங்கிலம் பேசும் சந்தை கையில் இல்லை, பின்னால் நின்று கூவி விற்க ஆள் இல்லை. பார்ப்பதற்கும் பயில்வான் போல் இருக்க மாட்டார். தாமானில் பக்கத்து வீட்டில் கார் கழுவிக்கொண்டிருக்கும் மனிதர் போல இருப்பார்.

2023 டிசம்பரில் அவரை ரியாத்துக்குக் கூப்பிட்டதே மக்முதோவுக்கு இரையாகத்தான். மக்முதோவ் தோல்வி காணாத பெரிய அடிகாரர், எல்லோரும் பயந்த ஆள். கபாயெல் தலையைத் தேடவே இல்லை. உடம்பைத் தேடினார். விலா எலும்புக்குக் கீழே, வலப்பக்கம், ஈரல் இருக்கும் இடம். நான்காவது சுற்றில் மக்முதோவ் மடங்கிப்போனார். 2024 மே மாதம் கியூபாவின் ஃபிராங்க் சான்சேஸ், அவரும் தோற்காதவர். ஏழாவது சுற்றில் அதே கதை. 2025 பிப்ரவரியில் சீனாவின் ஜாங் ஷிலெய். ஜோ ஜாய்ஸை இரண்டு முறையும் டியான்டே வைல்டரை ஒரு முறையும் நிறுத்தியவர் அவர். ஐந்தாவது சுற்றில் ஜாங் கபாயெலைக் கீழே தள்ளினார். ஆறாவது சுற்றில் ஜாங்கே கீழே கிடந்தார், மறுபடியும் உடம்பில் விழுந்த குத்து.

ஈரல் குத்து துண்டுக் காணொளிக்கு லாயக்கில்லாத சரக்கு. தாடையில் பட்டால் தலை திரும்பும், கால் பின்னும், பார்ப்பவனுக்கு உடனே புரியும். ஈரலில் பட்டால் ஒரு நொடி ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும். அப்புறம் இரத்த அழுத்தம் இறங்கி, நினைவு தெளிவாக இருக்கும்போதே ஆள் முட்டிபோட்டு விடுவான். எழ வேண்டும் என்று மனசு சொல்லும், உடம்பு கேட்காது. அந்தக் குத்தைப் போட எதிராளியின் கைக்கெட்டும் தூரத்துக்குள் போக வேண்டும், அதற்குள் இரண்டு மூன்று வாங்கியே ஆக வேண்டும். வாங்கிக்கொண்டே முன்னால் போகும் ஆளை ரசிப்பதற்கு முழுச் சண்டையும் பார்க்கப் பொறுமை வேண்டும்.

இன்னொன்று. 2024 மே 18 அன்று ரியாத்தில், உசிக் ஃபியூரியைத் தோற்கடித்து நான்கு உலகப் பட்ட பெல்ட்டையும் வாங்கிய இரவில், இவர்கள் இருவருமே மேடை ஏறினார்கள். இத்தௌமாவுக்கு இல்யா மெசென்சேவ், இரண்டு சுற்று. கபாயெலுக்குச் சான்சேஸ், ஏழு சுற்று. கஷ்டமான வேலையைச் செய்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மறுநாள் என் கைப்பேசிக்கு வந்து குவிந்ததெல்லாம் இத்தௌமாதான்.

எங்கள் மாமா ஒருவர் இந்தப் பேச்சே பிடிக்காதவர். 1975 ஜூலை 1 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் முகமது அலியும் ஜோ புக்னரும் மோதியதை நேரில் பார்த்தவர். “டேய் தம்பி, எங்க ஊருக்கே வந்தான் புக்னர். அவனுக்கும் இப்படித்தான் அளந்தாங்க” என்பார். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. புக்னரும் நடு ஐரோப்பாவில் பிறந்து சின்ன வயதில் பிரிட்டனுக்குப் போனவர், ஹங்கேரிக்காரர். இத்தௌமா ஸ்லோவாக்கியாவில் பிறந்து கென்ட் பகுதிக்கு வந்தவர். புக்னரும் பதினேழு வயதில் தொழிலுக்கு வந்து பெரிய நம்பிக்கையாகப் பேசப்பட்டவர். மெர்டேக்காவில் பதினைந்து சுற்றும் நின்றார், புள்ளியில் தோற்றார். ஆனால் மாமா ஒன்றை விட்டுவிடுகிறார். அலியோடு இரண்டு முறை, ஃபிரேசியரோடு ஒரு முறை, மூன்றிலும் கடைசி மணி அடிக்கும்வரை புக்னர் நின்றார். பில்டப் அளவுக்கு வளரவில்லை என்றாலும் சோதனைக்கு நின்ற மனிதர். அந்தச் சோதனை இத்தௌமாவுக்கு இன்னும் வரவில்லை, ஆகவே புக்னரைவிட மேல் என்றோ கீழ் என்றோ சொல்ல ஆதாரம் இல்லை.

புக்னரைவிடக் கிட்டத்து உதாரணம் பிரிட்டனின் டேனியல் டுபுவா. 2020 நவம்பரில் ஜோ ஜாய்ஸைச் சந்திக்கும் முன் 15 வெற்றி, 14 நாக் அவுட். இன்றைய இத்தௌமாவுக்கு அண்ணன் போல ஒரு பதிவு. ஜாய்ஸ் மெதுவானவர், ஆனால் விழவில்லை. முன்னால் இருக்கும் கையை நேராக நீட்டிப் போடும் ஜாப் குத்தை மட்டும் திரும்பத் திரும்ப அதே கண்ணில் போட்டார். கண்குழி எலும்பு உடைந்து பத்தாவது சுற்றில் டுபுவா முட்டிபோட்டார். கோழை என்று ஏசினார்கள். அதே டுபுவா 2024 செப்டம்பரில் வெம்பிளியில் ஜோஷுவாவை ஐந்தாவது சுற்றில் சாய்த்தார். திறமை பொய்யில்லை, அவசரம்தான் பொய். இத்தௌமாவுக்கு வீட்டிலேயே ஒரு பாடம் உண்டு: அண்ணன் கரோல் தோல்வியின்றி வந்துகொண்டிருந்தபோது 2022இல் எசெகியேல் மடெர்னாவிடம் நாக் அவுட் ஆனார்.

இன்னொரு பிரிட்டிஷ் ஹெவிவெயிட் ஃபேபியோ வார்ட்லியை ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். அவர் தனிக் கட்டுரைக்கான ஆள். முறையான அமெச்சூர் அனுபவமே இல்லாமல் வந்து, 2025இல் ஜஸ்டிஸ் ஹூனியைப் பத்தாவது சுற்றிலும் ஜோசஃப் பார்க்கரைப் பதினோராவது சுற்றிலும் நிறுத்தினார். அவரைச் சுற்றி யாரும் பெரிதாக ஊதவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இந்தத் தராசில் அவர் நடுவில் நிற்பதால் தள்ளி வைக்கிறேன்.

என் கணக்கு இதுதான். இத்தௌமாவின் திறமைக்குச் சொல்லப்படும் புகழ் நியாயம். அவர் சாதித்ததாகச் சொல்லப்படும் புகழ் கடன். நாளைக்கே உசிக்கின் எதிரே ஒருவரை நிறுத்தச் சொன்னால் கபாயெலைத்தான் நிறுத்துவேன். விழுந்து எழுந்து ஜெயித்திருக்கிறார், மூன்று வெவ்வேறு விதமான பெரிய ஆட்களை ஒரே ஆயுதத்தால் முடித்திருக்கிறார். ஐந்து வருடம் கழித்து யார் கையில் பெல்ட் இருக்கும் என்று கேட்டால் இத்தௌமா என்பேன், தயங்காமல். அப்போது அவருக்கு இருபத்தாறு வயதுதான் இருக்கும். கபாயெலுக்கு முப்பத்தெட்டு.

இந்த இருவரையும் நேருக்கு நேர் இப்போதே மோதவிட்டால் யார் என்று பையன்கள் கேட்கிறார்கள். முதல் நான்கு சுற்றுக்குள் முடிந்தால் இத்தௌமா. ஆனால் இடது கைக்காரருக்கு வலப்பக்கம் முன்னால் இருப்பதால் ஈரலும் எதிராளிக்குக் கிட்டவே இருக்கும், கபாயெலின் வழக்கமான இடது ஹூக்குக்கு அது தோதான இலக்கு. உடம்புக் குத்தில் விழுந்த ஜாங்கும் இடது கைக்காரர்தானே! ஐந்தாவது சுற்று மணி அடித்துவிட்டால் நான் கபாயெல் பக்கம் நாற்காலியை நகர்த்திவிடுவேன்.