ஜூனிவர்ஸ்: விடை கிடைக்காத வானத்தில் நமக்கும் ஒரு வேலை

விண்வெளிப் புதிர்களைப் பற்றிப் பேசும் காணொளிகளுக்கும் கட்டுரைகளுக்கும் இணையத்தில் குறைவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வியப்பை ஊட்டுவதோடு நின்றுவிடுகின்றன. ஜூனிவர்ஸ் என்னும் இணையதளமோ, ஆய்வாளர்கள் கையாளும் தரவையே பொதுமக்கள் முன் வைத்து, அதைப் பார்த்து வகைப்படுத்தும் பணியையும் அவர்களிடமே ஒப்படைக்கிறது. கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்காமலேயே பங்கேற்கலாம்.

2007-இல் தொடங்கிய கேலக்ஸி ஜூ என்ற திட்டமே இதற்கு வித்து. ஸ்லோன் வான அளவீட்டில் பதிவான ஏறத்தாழ 10 லட்சம் விண்மீன் திரள்களைச் சுருள், நீள்வட்டம் என வடிவப்படி பிரிப்பதே அதன் வேலை. ஒரே படத்தைப் பலர் தனித்தனியே பார்ப்பதால், ஒருவர் தவறினாலும் முடிவு பிறழ்வதில்லை. அவ்வாண்டே நெதர்லாந்து ஆசிரியை ஹானி வான் ஆர்கெல், ஐசி 2497 என்ற திரளின் அருகே எவ்வகையிலும் சேராத ஓர் ஒளித்திட்டைக் கண்டு, அது என்னவென்று கேட்டார். அத்திரளின் மையத்தில் முன்பு கடுமையாக ஒளிர்ந்து, பின் மங்கிவிட்ட குவேசாரின் (பெருங்கருந்துளையில் விழும் பொருளால் ஒளிரும் திரள் மையம்) ஒளியால் மிளிரும் வாயு மேகம் அது என்பது பிற்பாடு தெளிவாயிற்று.

என்னை மிகவும் ஈர்த்தது பிளானட் ஹன்டர்ஸ் திட்டம். ஒரு விண்மீனின் ஒளி காலப்போக்கில் கூடிக் குறைவதைக் காட்டும் வரைபடம் திரையில் வரும்; கோள் ஒன்று குறுக்கே கடந்ததால் ஏற்பட்ட பள்ளம் அதில் உள்ளதா என்று நாம் குறிக்க வேண்டும். வியாழன் அளவுள்ள கோள் சூரியனைப் போன்ற விண்மீனை மறைத்தால் ஏறத்தாழ 1 சதவீத ஒளியே குறையும். ஆனால் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் தரவில் தன்னார்வலர்கள் கவனித்த கேஐசி 8462852 என்ற விண்மீன், 2011-இல் சுமார் 15 சதவீதமும் 2013-இல் சுமார் 22 சதவீதமும், எந்த ஒழுங்கும் இன்றி மங்கியிருந்தது. வானியலாளர் டபேத்தா போயாஜியன் தலைமையில் 2015-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் அந்தத் தன்னார்வலர்களின் பெயர்களும் உள்ளன. வேற்றுலகவாசிகள் எழுப்பிய கட்டுமானமோ என்ற ஊகம்தான் செய்தியாகப் பரவியது. ஆனால் 2017-இல் மீண்டும் மங்கியபோது செந்நிற ஒளியைவிட நீல ஒளி கூடுதலாகக் குறைந்தது கண்டறியப்பட்டது. திடப்பொருள் மறைத்திருந்தால் எல்லா நிறங்களும் ஒரே அளவில் குறைந்திருக்கும் என்பதால், நுண்தூசியே காரணம் என்ற முடிவு வலுப்பெற்றது. அந்தத் தூசி எங்கிருந்து வந்தது என்பது மட்டும் இன்னும் உறுதியாகவில்லை.

பயிற்சிக் குறிப்புகள் சுருக்கமானவை. அண்டவியலை முறையாகக் கற்க விரும்புவோருக்கு இவை மட்டும் போதா. நாம் குறித்தது சரியா என்பதும் பெரும்பாலும் உடனே தெரியவராது. ஆய்வாளர்களுக்கே விடை தெரியாத இடத்தில் அதுவே நேர்மை என்பது என் கருத்து. புதியவர்கள் திரள்களின் படங்களில் தொடங்கலாம். கண் பழகிய பிறகு, பிற விண்மீன்களின் கோள்களைத் தேடும் டெஸ் விண்கலத்தின் தரவை ஆராயும் பிளானட் ஹன்டர்ஸ் டெஸ் திட்டத்துக்குச் செல்லலாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.